தக்காளியாரின் பிறந்தநாள்

என் தம்பியைக் குடியிருப்பில் எல்லோரும் தக்காளியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதை அவன் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டவுடன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் பார்ப்பான். கூப்பிட்டவர் சிரிப்பை அடக்க மூக்கைத் தேய்த்துக்கொள்வது அவன் கண்ணில் படாது. கூடப் பிறந்த பாவத்துக்கு அதெல்லாம் என் கண்ணில்தான் படும்.

அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையோடு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன். ஆள் பார்க்க நன்றாக இருப்பான். சரி, அது முடிந்தது.

வேலை பஸ் டிப்போவில். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்த்து விசில் ஊதுகிற வேலை. ஒரு டிரைவர் கொஞ்சம் முந்தி வண்டியை எடுத்துவிட்டால் போதும், அவரை நிற்க வைத்து வறுத்து எடுத்துவிடுவான். "நேரம்னா நேரம். முன்னாடியும் கிடையாது, பின்னாடியும் கிடையாது" என்பான். அப்பேர்ப்பட்ட மனுஷன் தக்காளிச் செடியை மட்டும் வருஷா வருஷம் முந்தி அனுப்பிச் சாகடிப்பான்.

நாங்கள் இருப்பது குளிர் ஊர். வருஷத்தில் பாதி நாள் தரை கல்லாகக் கிடக்கும். மண்வெட்டியைப் போட்டால் மண்வெட்டிதான் திரும்பி வரும். கட்டடத்துக்குப் பின்னால், வெந்நீர்க் கொதிகலன் அறையைத் தாண்டி, சரிவாக ஒரு நிலம் இருக்கிறது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்திருக்கிறார்கள். எங்கள் துண்டு சரிவின் அடியில். மேலேயிருந்து இறங்குகிற குளிரெல்லாம் வந்து படுத்துக்கொள்வது அங்கேதான். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது தம்பி. கேட்டால் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிறதாம். குடம் தூக்குவது இவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தூக்குகிறவள் அவன் பெண்டாட்டி. வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். குடியிருப்பில் தையல்காரி என்றால் அவள்தான். நான் அவர்கள் வீட்டுக்கு நேர் மேல்வீட்டில் தனியாக இருக்கிறேன். மத்தியானத்துக்கு மேல் மருந்துக்கடையில் எனக்கு வேலை. காலை முழுக்கச் சும்மா இருப்பதால் கீழே போய் அவள் வெட்டும் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொள்வேன். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் இப்படி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிலருக்கு ஆச்சரியம். ஒரே ஆளைச் சகித்துக்கொண்டிருக்கிறவர்கள் ஒட்டாமல் வேறென்ன செய்வார்கள்.

தம்பி செடி தேர்ந்தெடுக்கிற லட்சணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விதைப் பாக்கெட்டில் முன்பக்கம் என்று ஒன்று, பின்பக்கம் என்று ஒன்று. பின்பக்கத்தில் எவ்வளவு குளிர் தாங்கும், எப்போது விதைக்க வேண்டும், எத்தனை வெயில் கேட்கும் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். தம்பி பிறந்ததிலிருந்து பின்பக்கத்தைத் திருப்பியதில்லை. படத்தைப் பார்ப்பான். பழம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு நல்ல விதை. இந்த ஊரில் தர்பூசணி போட்டவன் அவன் ஒருத்தன்தான். கொடி நாலு முழம் ஓடி, கோலிக்குண்டு அளவுக்கு ஒரு காய் விட்டு, முதல் குளிருக்கே சுருண்டுவிட்டது. அந்தக் குண்டை டிப்போவுக்கு எடுத்துப் போய் நாலு பேரிடம் காட்டிவிட்டு வந்தான். பூவிலும் அதே கதைதான். தட்டு அகலத்துக்குப் பூக்கிற டேலியா வேண்டும் அவனுக்கு. அதன் கிழங்கைப் பனிக்காலத்துக்கு முன்னால் தோண்டி எடுத்து உள்ளே வைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க பண்றது" என்பான். வசந்தத்தில் தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழாகியிருக்கும்.

தையல்காரி பாக்கெட்டைப் பின்பக்கம்தான் முதலில் பார்ப்பாள். பட்டாணி, முட்டைக்கோஸ், நூல்கோல், பீட்ரூட், கீரை. குளிரை முறைத்துப் பார்த்து நிற்கிற சாமான்கள். பூவென்றால் பான்சி. ராத்திரி பனியில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டு, வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து நிற்கிற பூ. தம்பி அதைப் பார்த்து, "இதுல என்ன இருக்கு, நகத்தளவு இருந்துக்கிட்டு" என்பான். அவன் துண்டில் அவளுக்கு ஓரம் மட்டும்தான். நடுவில் தக்காளி.

சின்ன வயதிலேயே அவன் இப்படித்தான். சைக்கிள் கற்றுக்கொண்டபோது நான்தான் பின்னால் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடினேன். மூச்சு வாங்கும் எனக்கு. அவனோ ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து எதிரே வருகிறவர்களுக்கு ஆட்டிக்கொண்டே போவான். "ஒரே நாள்ல கத்துக்கிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்கிறான். நான் பிடித்திருந்தது அவனுக்குத் தெரியாது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இனி அந்தப் பிறந்தநாளுக்கு வருகிறேன். அவன் பிறந்தது குளிர் போய்விட்ட மாதிரி நடிக்கிற வாரத்தில். நாலு நாள் வெயில் அடிக்கும். ஆட்கள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு திரிவார்கள். பத்துப் பதினைந்து வருஷம் இங்கே இருந்தவர்கள் யாரும் அந்த வெயிலை நம்ப மாட்டார்கள். இவன் நம்புவான். ஏனென்றால் அது அவன் பிறந்தநாள் வெயில். அன்றைக்குத்தான் தக்காளி நடுவான். நட்டால் போதுமா, கூட்டம் வேண்டும். டிப்போ ஆட்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் வரவழைத்து, தோட்டத்தில் மேசை போட்டு, கேக் வெட்டி, அதே கத்தியைத் துடைத்துவிட்டு அதாலேயே செடித்தட்டைப் பிரிப்பான். சமையலறைக் கதகதப்பிலேயே வளர்ந்து, நெட்டையாய், வெளிறிப் போய், காற்றென்றால் என்னவென்று தெரியாத செடிகள் அவை. நேரே கொண்டுவந்து மண்ணில் வைத்துவிடுவான். அப்புறம் பேச்சு. "செடியையும் பிள்ளையையும் பொத்திப் பொத்தி வளக்கக் கூடாது. போர்வை போத்துனா சோம்பேறியாயிடும்." வாயாலேயே பந்தல் போடுவான் என்பார்களே, அவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தையல்காரி தன் செடிகளை வளர்க்கிற விதமே வேறு. வெட்டும் மேசைக்கு மேலே தெற்கு பார்த்த ஜன்னல். தைத்து மிஞ்சிய துணியில் பை தைத்து, அதில் மண் நிரப்பி விதை போடுவாள். இலை விட்டதும் மாடிப்படித் திருப்பத்துக்கு மாற்றுவாள். அங்கே கொஞ்சம் குளிரும். அங்கே தேறியதும் பின்படியில் கொஞ்ச நேரம் வெளியே வைத்து எடுப்பாள். மறுநாள் இன்னும் கொஞ்ச நேரம். காற்று அடித்தால் உடனே உள்ளே. இப்படியே நாளாக நாளாகத் தண்டு குட்டையாய்த் தடித்து, இலை கரும்பச்சையாகிவிடும். ஜன்னலுக்கும் படிக்கும் அவள் நடக்கிற நடையைப் பார்த்து எனக்கே கால் வலிக்கும்.

தம்பி முதல்முதலாகத் தக்காளி நட்ட வருஷம்தான் செடி மாற்றுகிற கதை ஆரம்பித்தது. பிறந்தநாள் ராத்திரியே பனி கொட்டியது. காலையில் நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், அவன் வரிசை முழுக்க வேகவைத்த கீரையாகக் கிடக்கிறது. அவன் டிப்போவுக்குப் போய்விட்டான். அந்த வருஷம் அவனுக்கு வர வேண்டிய உத்தியோக உயர்வு வேறொருத்தருக்குப் போயிருந்தது. ஆள் சோறு இறங்காமல் இருந்தான். "இதையும் பாத்தா தாங்க மாட்டார் அண்ணி" என்று சொல்லி, கறுத்துப் போனதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, தனக்கென்று பையில் வளர்த்திருந்த தக்காளிச் செடிகளை அதே குழிகளில் வைத்துவிட்டாள். நானும் கூடமாட எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டான். "பாத்தீங்களா, நான் நட்டா நிக்கும்" என்றான். நெட்டைச் செடி ஒரே ராத்திரியில் எப்படிக் குட்டையாச்சு என்று அவனுக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் நான் நினைத்தேன். அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் அது வருஷாந்திர வேலையாகிவிட்டது. பிறந்தநாள் வரும், பனி வரும், செடி சாகும், நாங்கள் மாற்றுவோம். மாற்றிய செடியையும் இன்னொரு பனி தின்றுவிடக்கூடாதே என்று சாயங்காலமானால் பழைய திரைச்சீலைத் துணியை மேலே போர்த்துவாள். போர்வை கூடாது என்று மேடையில் பேசியவனிடம் என்ன சொல்வது? "பூனை வந்து தோண்டுதுங்க" என்றாள். "பூனைக்குன்னா சரி" என்றான். எங்கள் குடியிருப்பில் பூனை கிடையாது. நாய்கூட ஒன்றுதான், அதுவும் கிழம். இல்லாத பூனைக்குப் பயந்து வருஷா வருஷம் செடிக்குத் துணி போர்த்துகிற ஒரே தோட்டம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். இவ்வளவு மடையனாக ஒருத்தன் இருக்க முடியுமா என்று நான் தையல்காரியிடம் கேட்பேன். அவள் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு துணியைத் திருப்பிப் போடுவாள்.

இன்னொன்று. வேலைக்குப் போகும்போது அவன் எப்போதும் பின்கதவு வழியாகத்தான் போவான். தோட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை, செடிக்கு ஒரு தட்டு, பக்கத்துத் துண்டுக்காரரின் வெங்காயத்தைப் பற்றி ஒரு குறை, அப்புறம்தான் பஸ். தக்காளி நட்ட பிறகு பனி விழுகிற காலையில் மட்டும் முன்கதவு. கேட்டால் பின்படி வழுக்குகிறதாம். எங்களுக்கு அது தோதாகப் போயிற்று. நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஊர் முழுக்கத் தெரியும். தபால்காரருக்குத் தெரியும். அவர் ஓய்வு பெற்றவர், தோட்டச் சங்கத்துக்குச் செயலாளர், நான்காவது துண்டில் பட்டாணி போடுகிறவர். தரைத்தளத்து நர்ஸுக்குத் தெரியும். ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் வரும்போது நாங்கள் குனிந்து நிற்பதைப் பார்த்து, "இன்னைக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாள். யாரும் அவனிடம் மூச்சுவிடவில்லை. தக்காளியார் என்ற பேர் அந்தச் சமயத்தில் வந்ததுதான்.

இப்படியே போயிருக்கும். போன குளிர்காலத்தில் தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய டிவி வாங்க வேண்டும். அதை மாட்டத் தோதான சுவர் வெட்டும் மேசைக்கு எதிர்ச்சுவர். சோபாவை ஜன்னலுக்கடியில் போட வேண்டும். அப்படியென்றால் மேசை உள்ளறைக்கு, வடக்கு ஜன்னலுக்கு. அந்த ஜன்னலில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

"அப்ப நாத்தெல்லாம் எங்க வைக்கிறது?" என்று கேட்டாள் அவள்.

"இந்த வருஷத்தோட முடிச்சுக்க. துணி தைக்கக் குடுக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க, வீடு முழுக்க மண்ணு. படியில வேற வச்சிருக்க, ஆளு நடக்க வேணாமா. தோட்டம் நான் பாத்துக்கறேன்."

தோட்டம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டீ டம்ளரை அவன் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். டீ தீர்ந்து போயிருந்தது.

அதே மாதத்தில்தான் கண்ணாடிக் குடில் விஷயமும் வந்தது. மேல்துண்டுக்கார அம்மா ஒருவர் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது தன் துண்டில் இருந்த கண்ணாடிக் குடிலைச் சங்கத்துக்கே விட்டுவிட்டார். ஆள் நிமிர்ந்து நிற்கலாம், இரண்டு பக்கமும் பலகை, கூரையில் திறந்து மூடுகிற ஜன்னல். சரிவின் மேலே இருப்பதால் காலை வெயில் முதலில் விழுவது அதில்தான். ஒரு வீட்டுக்குத்தான் கொடுக்க முடியும். குளிருக்குத் தாங்குகிற மாதிரி நாற்று வளர்க்கத் தெரிந்தவருக்குக் கொடுப்பது, கேட்கிறவர்களின் துண்டைச் சங்கத்தார் நேரில் வந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. தம்பி தன் பேரைக் கொடுத்தான். பார்க்க வருகிற தேதியைக் கேட்டபோது தன் பிறந்தநாளுக்கு மறுநாள் சாயங்காலம் என்று சொல்லி வாங்கிக்கொண்டான். "நட்ட வரிசையைப் பாக்கட்டும்" என்றான்.

தையல்காரி அவனிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"ஏங்க, குடிலுக்கு என் பேரைச் சொல்லுங்களேன்."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அதுதான் எரிச்சல். குழந்தை லாரி ஓட்டக் கேட்ட மாதிரி சிரித்தான்.

"உனக்கு எதுக்கு? ஜன்னல்ல நாலு பை வைக்கிறதும் தோட்டக்கலையும் ஒண்ணா? குடில் வரட்டும். தர்பூசணி போடப் போறேன். நீ வந்து தண்ணி ஊத்து, வேணாங்கல."

அவள் துணியை மடித்து மேசையில் வைத்தாள். இன்னொரு துணியை எடுத்து விரித்தாள். அவ்வளவுதான். எனக்குத்தான் தாங்கவில்லை. அவன் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"இந்த வருஷம் மாத்தாத. என் பேச்சைக் கேளு. அந்த வரிசையைப் பாத்துத்தான் குடிலைத் தரப் போறாங்க. உன் செடியை வச்சு நீயே அவனுக்கு வாங்கிக் குடுக்கப் போறியா? ஜன்னலும் போச்சு, படியும் போச்சு. இதுவும் போனா விதைய உள்ளங்கையிலயா போட்டு வளப்ப?"

"பாக்கலாம் அண்ணி" என்றாள்.

அவள் பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டாள் என்று அர்த்தம். எத்தனை வருஷமாக அவளை எனக்குத் தெரியும். அவன் முகம் வாடினால் இவளுக்கு ஆகாது.

பிறந்தநாள் வந்தது. வெயில் அடித்தது. டிப்போ ஆட்கள் கோட்டைக் கழற்றிக் கொதிகலன் அறைச் சுவரில் மாட்டினார்கள். கேக் வெட்டியாயிற்று, கத்தி துடைத்தாயிற்று. இந்த முறை புது விதை. பாக்கெட் படத்தில் ஒவ்வொரு பழமும் குழந்தைத் தலை அளவு. செடிகள் நிற்கத் தெம்பில்லாமல் குச்சியில் சாய்ந்திருந்தன. பேச்சிலும் புதுசாக ஒரு வரி சேர்த்தான். "சங்கத்துல நாளைக்குப் பாக்க வர்றாங்க. எதையும் மறைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. இருக்கறதை அப்படியே பாக்கட்டும்." தபால்காரர் கேக் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். தையல்காரி எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைகிறபோது காற்று நின்றுவிட்டது. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, பொட்டு மேகம் இல்லை. இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். தையல்காரி மேலே ஒரு தடவை பார்த்தாள், டம்ளர்களை அடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் ஜன்னல் கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தது. சுரண்டிவிட்டுப் பார்த்தேன். புல் வெள்ளை, வேலி வெள்ளை, தம்பியின் வரிசை கறுப்பு. ஓரத்தில் அவள் பட்டாணி மட்டும் பனியை உதறுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தது. கீழே முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தக்காளியார் வேலைக்குப் போகிறார். நான் கையுறையை எடுத்துக்கொண்டு, தடித்த காலுறை போட்டுக்கொண்டு இறங்கினேன். வாய் கிழியப் பேசினேனே தவிர, அவள் மாற்றத்தான் போகிறாள், நானும் எடுத்துக் கொடுக்கத்தான் போகிறேன் என்று எனக்குத் தெரியும்.

படித் திருப்பத்தில் அவள் செடிகள் வரிசையாக நின்றன. குட்டையாய், தடியாய். ஒன்றும் அசைந்திருக்கவில்லை. உள்ளே அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, போகலையா?"

"எங்க அண்ணி?" என்றாள்.

நான் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு நீளத் திரைச்சீலைக்கு அடி மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கோணாமல் போயிற்று தையல். மத்தியானம் நான் மருந்துக்கடைக்கு லீவு சொன்னேன். தலைவலி என்றேன். அன்றைக்குச் சாயங்காலத்தைத் தவறவிட எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் தம்பி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். டிப்போவிலிருந்து இரண்டு பேரைக் கூடவே அழைத்து வந்திருந்தான், குடில் கிடைப்பதைப் பார்க்க. தபால்காரர் வந்தார், சங்கத்தில் இருக்கிற தரைத்தளத்து நர்ஸ் வந்தாள். கொதிகலன் அறையைச் சுற்றி எல்லோருமாக நடந்தோம். தம்பி முன்னால், திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே. "நிறைய பேர் இன்னும் வீட்டுக்குள்ள வச்சிருக்காங்க. கேட்டா பயம். செடிக்கு நம்ம தைரியம் தெரியணும்..."

திரும்பினான். வரிசையைப் பார்த்தான்.

கறுத்துக் குழைந்து, குச்சியோடு ஒட்டிக்கொண்டிருந்தன எல்லாம். வெயில் பட்டு நாற்றம்கூட ஆரம்பித்திருந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காகக் காத்திருந்த காட்சி. பனியைத் திட்டுவான், விதைக்காரனைத் திட்டுவான், யாரோ பொறாமையில் சுடுதண்ணி ஊற்றிவிட்டார்கள் என்பான் என்று மனசுக்குள் பட்டியல் போட்டு வைத்திருந்தேன்.

அவன் செடியைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் மாத்தல?" என்றான்.

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் காற்றில்லாத சாயங்காலம், எல்லோருக்கும் கேட்டது. டீயில் சர்க்கரை போட மறந்தவளைக் கேட்கிற மாதிரி கேட்டான். கேட்ட பிறகுதான் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது. வாயை மூடிக்கொண்டான். டிப்போ ஆட்களில் ஒருத்தர் எதை மாற்றுவது என்று மற்றவரைக் கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பின்படி வழுக்கவில்லை. பூனைக்குன்னா சரி என்றது பூனைக்கு இல்லை. இவ்வளவு வருஷமும் பனி விழுந்த காலையில் முன்கதவு வழியாக நழுவியது, நாங்கள் குனிந்து வேலை செய்ய வழி விட்டுத்தான். நாங்கள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவன் எங்களை வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தான். சைக்கிளில் நான் பின்னால் பிடித்து ஓடியதும் அவனுக்கு அன்றைக்கே தெரிந்துதான் இருந்திருக்கும். மடையன் மடையன் என்று நான் திட்டிய திட்டெல்லாம் வீண். மடையனாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்.

தையல்காரி முந்தைய நாள் போலவே மேலே ஒரு தடவை வானத்தைப் பார்த்தாள்.

"பூனை வந்துட்டுப் போயிருக்கும்ங்க" என்றாள்.

நர்ஸ் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். தபால்காரர் தொண்டையைச் செருமினார். அவர் தன் வேலைக்காலத்தில் கதவைத் தட்டிப் பேர் கேட்டு, உரியவர் கையில்தான் தபாலைக் கொடுத்துப் பழகியவர்.

"மாத்துறதுக்கு வச்சிருந்த செடி எங்கம்மா இருக்கு?" என்று அவளைப் பார்த்தே கேட்டார்.

"படியில."

எல்லோரும் படித் திருப்பத்துக்கு ஏறினோம். டிப்போ ஆட்கள்கூட. ஒரு செடியைத் தபால்காரர் தண்டில் பிடித்து அசைத்துப் பார்த்தார். வெளியே எவ்வளவு நேரம் வைப்பாய், எப்போது உள்ளே எடுப்பாய், காற்றடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவள் சொன்னாள். பெரிய பேச்சொன்றுமில்லை, கேட்டதற்குப் பதில். தம்பி மேலே வரவில்லை. குடில் சாவியை அங்கேயே அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கிக் கத்தரிக்கோல் மாட்டுகிற ஆணியில் மாட்டினாள்.

மறு வாரமே பைகளெல்லாம் குடிலுக்கு ஏறிவிட்டன. நானும் சுமந்தேன். உள்ளே நுழைந்ததும் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. அவள் பலகையில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். வாயில் குண்டூசி இல்லாமல் அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

தம்பி நாலைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். டிவி வந்தது, மாட்டினான், சோபாவை ஜன்னலுக்கடியில் போட்டான். அப்புறம் ஒரு சாயங்காலம் படியேறி என் வீட்டுக்கு வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

"அக்கா, நீ கொஞ்சம் அவகிட்ட சொல்லேன். வரிசை காலியா கிடக்கு, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க. நாலு செடி குடுக்கச் சொல்லு."

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம் நினைத்துத் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"உனக்கு வாய் இல்ல? நீயே கேளுடா" என்று கதவைச் சாத்தினேன்.

கேட்டான். அவள் கொடுத்தாள். நல்லதாகப் பார்த்து நாலு எடுத்துக் கொடுத்தாள், பழைய திரைச்சீலைத் துணியையும் மடித்து மேலே வைத்து. "நீங்களே வைங்க. இன்னும் பனி பாக்கி இருக்கு, சாயங்காலமானா போத்திருங்க" என்றாள். அவன் செடியை வைத்தான். துணியை வேலிக் குச்சியில் போட்டான். அன்றைக்கும் காற்று நின்றது, வானம் துடைத்தாற்போல் இருந்தது. இருட்டுகிற வரை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். துணி வேலியிலேயே கிடந்தது. கீழே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் கண்ணாடி வெள்ளையாக இருந்தது. கீழே கதவுச் சத்தம் கேட்டது. முன்கதவு.